ஓர் ஆடு குறைகிறது

சாமல் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். போலீஸ்காரன் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிட்டான்.

அவன் மகள் ரன்வாவுக்கு ஆறு வயது. பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் கல்சுவர் ஓரமாக விளையாடிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டேகாலுக்கு மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. வட அட்லாண்டிக்கில் டென்மார்க்கின் கீழுள்ள பேரோ தீவுகளில் மூடுபனி இறங்குவதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனாலும் பன்னிரண்டரைக்கு சாமல் எட்டிப் பார்த்தான். சுவர் இருந்தது. குழந்தை இல்லை.

ஓடினான். மலை மேல் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினான். கத்தினது முழுவதையும் பனி வாங்கி வைத்துக்கொண்டது, எதிரொலிகூடத் திருப்பித் தரவில்லை. எவ்வளவு தூரம் போனான் என்று தெரியாது. காலில் ஒரு கல் தட்டி உருண்டது. அது விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான். சத்தம் வரவே இல்லை. அப்போதுதான் தான் மலையின் வடக்கு ஓரத்தில் நிற்பது அவனுக்குப் புரிந்தது. அங்கே மலை சட்டென்று முடிந்துவிடும். அதற்குக் கீழே முந்நூறு மீட்டர் காற்று, அதற்குக் கீழே கடல்.

நான்கு காலில் ஊர்ந்து பின்னால் வந்தான். மீன் ஆலையில் இருபது வருஷம் சால்மன் மீனைப் பெட்டியில் அடுக்கிய கைகள் புல்லை விடாமல் பிடித்துக்கொண்டன. அந்த நேரத்தில்தான் அதைப் பார்த்தான். பனிக்குள் ஒரு நீல வெளிச்சம். அணையும், எரியும், அணையும். கூடவே ஒரு ரீங்காரம். அது காதில் கேட்டதா பல்லில் கேட்டதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. அதை நோக்கி நடந்தான். அது இடப்பக்கம் போனது மாதிரி இருந்தது, பிறகு வலப்பக்கம். பிறகு பனி இன்னும் கெட்டியாகி ஒன்றுமே இல்லாமல் போனது.

இறங்கி வந்தபோது வாசலில் போலீஸ்காரன் பியார்னி நின்றிருந்தான். சாமலின் மனைவி சுன்னேவா கூப்பிட்டிருந்தாள். மீட்புக் குழுவும் வந்திருந்தது. ஆரஞ்சு கோட்டு போட்ட பதினெட்டு பேர், தோளில் கயிறு, கையில் விளக்கு. ஒரு வார்த்தை சொன்னால் ஏறிவிடுவார்கள். பியார்னி படிவத்தை நிரப்பி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

"என்ன போட்டிருந்தா?"

"சாம்பல் கலர் ஸ்வெட்டர். சிவப்பு பூட்ஸ்."

"யாரோடயாவது கோவமா இருந்தாளா?"

"ஆறு வயசுய்யா. காலைல கஞ்சியோட கோவிச்சுக்கிட்டா."

"வேற ஏதாவது வழக்கத்துக்கு மாறா பாத்தியா?"

இது பதினோராவது கேள்வி. சாமல் சொன்னான். நீல வெளிச்சம், ரீங்காரம், எல்லாம். பியார்னியின் பேனா நின்றது.

"சாமல், இந்தக் கேள்விக்கு எல்லாரும் 'இல்ல'ன்னுதான் சொல்லுவாங்க."

"நீதானே கேட்ட?"

"கேக்கணும்னு சட்டம் இருக்கு. பதில் சொல்லணும்னு எங்க இருக்கு?" என்றான் பியார்னி. அவன் முகம் உண்மையாகவே வாடிப்போயிருந்தது. "எழுதிட்டேன். இனிமே இது என் கேஸ் இல்ல. வாரியத்துக்குப் போகணும்."

அந்த வாரியத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தெற்குத் தீவு ஒன்றில் ரோடு போட்டார்கள். ஒரு பாறைக்குப் பக்கத்தில் போனதும் மண் அள்ளும் இயந்திரம் மூன்று தடவை நின்றுபோனது. அந்தப் பாறைக்குள் ஆட்கள் குடியிருப்பதாக அந்த ஊரில் பேச்சு. பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். மந்திரி ஒருவருக்குத் தேர்தல் வந்தது. உடனே விளங்கா நிகழ்வுகள் வாரியம் பிறந்தது. ரோட்டு இயந்திரத்தில் எண்ணெய் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் பிறந்த வாரியத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா? அதற்குத் தலைநகரத்தில் மாடிக் கட்டிடம் இருந்தது, முத்திரை இருந்தது, வெள்ளைக் கார் இருந்தது. கேஸ்தான் இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஆண்டறிக்கை அச்சாகும். வழுவழுப்பான தாளில் ஒரே வரி: 'இவ்வாண்டும் எதுவும் விளங்காமல் போகவில்லை.'

வெள்ளைக் கார் நாற்பது நிமிஷத்தில் வந்து நின்றது. சுன்னேவாவுக்குப் பிரசவ வலி வந்தபோது ஆம்புலன்ஸ் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது.

முதலில் இறங்கியவர் வாரியத் தலைவர் ஹோக்னி. நரைத்த தாடி, பளபளக்கும் ஷூ. சாவு வீட்டுக்கு வந்தவர் போல முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். கண்கள் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவை. பின்னால் அவர் உதவியாளர் குட்னி, இரண்டு கை நிறைய மஞ்சள் கயிற்றுச் சுருளோடு.

மீட்புக் குழுத் தலைவர் அவரிடம் போய், "பொழுது சாயறதுக்குள்ள ஏறிடலாமா?" என்று கேட்டார்.

"எதத் தேடி?"

"குழந்தையத் தேடித்தான்."

"குழந்தை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா எதுக்குத் தேடுறோம்?"

"பாத்தீங்களா?" ஹோக்னி கனிவாகச் சிரித்தார். "எங்க இருக்குன்னே தெரியாத ஒண்ண, என்ன நடந்துச்சுன்னே தெரியாத இடத்துல போய் மிதிக்கப் பாக்கறீங்க. முப்பத்தாறு பூட்ஸ் கால். நிகழ்வு என்னத்துக்கு ஆகும்?"

பிறகு கல்சுவர் மேல் ஏறி நின்று ஊருக்கே பேசினார். "அன்பான மக்களே, உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா ஒண்ண மறந்துடாதீங்க. குழந்தையக் கண்டுபிடிக்கறது வாரியத்தோட வேலை இல்ல. அதுக்குப் போலீஸ் இருக்கு. போலீஸ் இப்ப இதுல இல்ல, அது வேற விஷயம். எங்க வேலை, குழந்தை ஏன் காணாமப் போச்சுன்னு தெரியாத அந்த நெலைய, ஒரு கீறல் விழாம பாதுகாக்கறது. பதினோரு வருஷமா இந்த நாளுக்காகத்தான் நாங்க தயாரா இருந்தோம்."

சுன்னேவா அவரை அண்ணாந்து பார்த்தாள். "இந்த நாளுக்காகவா?"

"தயாரா," என்றார் ஹோக்னி. "தயாரா இருந்தோம்னு சொன்னேன்மா."

குட்னி மலையடிவாரம் முழுக்க மஞ்சள் கயிறு கட்டினாள். இடுப்பளவு உயரம், விரல் தடிமன். ஒரு கன்றுக்குட்டி முட்டினால் அறுந்துவிடும். ஆனால் இந்தத் தீவுகளில் கயிறு கட்டிவிட்டால் ஒருத்தன் தாண்டமாட்டான். புயலில் படகு விடுவான், பாறை உச்சியில் தொங்கிப் பறவை முட்டை எடுப்பான், கயிற்றுக்கு முன்னால் மட்டும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பான். அப்படித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். சுன்னேவா குனிந்து நுழைந்து ஓடினாள். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் அவளுடைய சொந்தப் பெரியப்பா பிள்ளைகள். "அனுமதி வரட்டும் சுன்னேவா, வந்துடும்," என்றார்கள். பதினெட்டு ஆரஞ்சு கோட்டுகளும் வேனில் சாய்ந்து காபி குடித்தன.

சமையலறையில் விசாரணை நடந்தது. ஹோக்னி கேட்கக் குட்னி எழுதினாள்.

"குழந்தைக்குப் பாறைங்க மேல பிரியம் உண்டா?"

"ஊர்ல பாறையத் தவிர வேற என்ன இருக்கு?" என்றான் சாமல்.

"'உண்டு'ன்னு எழுதிக்கோ. உங்க வம்சத்துல யாராவது பாறைக்குள்ள இருக்கறவங்களோட மேட்டு நெலத்த உழுதிருக்காங்களா?"

"எங்க தாத்தா உருளைக்கிழங்கு போட்டாரு. ஐயா, வெளிய குளிருது. அவ ஒரு ஸ்வெட்டரோட இருக்கா. இன்னும் ரெண்டு மணி நேரத்துல இருட்டிடும்."

"உருளைக்கிழங்கு," என்றார் ஹோக்னி குட்னியிடம். அவள் அடிக்கோடிட்டு எழுதினாள்.

சாமல் எழுந்தான். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். வெளிச்சம் ஒண்ணும் பாக்கல. பொய் சொன்னேன். போலீஸையே தேடச் சொல்லுங்க."

ஹோக்னி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "குட்னி, நாலாம் படிவம்."

"அது என்ன?"

"சாட்சி சொல்றதுக்கே பயப்படற வெளிச்சத்துக்கு நாலாம் படிவம். மூணாம் படிவத்த விட பெரிய வகுப்பு. ரொம்ப நன்றி சாமல்."

"அப்போ அது கார் வெளிச்சமா இருக்கும்!"

"மலை மேல கார் ரோடு கெடையாது."

"யாராவது டார்ச் அடிச்சிருப்பாங்க!"

"அப்படின்னா அது விளக்கம். விளக்கம் குடுக்கறதுக்குன்னு ஒருத்தர் டென்மார்க்ல இருக்காரு. அவருதான் சொல்லணும். எழுதிப் போட்டா பத்து வேலை நாள்ல பதில் வரும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அதனால திங்கள்லேருந்து எண்ணணும்."

சுன்னேவா அடுப்பிலிருந்து திரும்பினாள். அவள் கையில் காபிக் கெண்டி இருந்தது. "பத்து நாள் மலைல கெடந்தா என் புள்ள என்ன ஆவா?"

"அது எங்களுக்கும் தெரியாதும்மா," என்றார் ஹோக்னி. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "தெரியாதுன்னு இவ்வளவு தைரியமா சொல்ற ஒரே அரசு நிறுவனம் நாங்கதான்."

சுன்னேவா கெண்டியைக் கீழே வைத்தாள். ஊற்றவில்லை. இந்தத் தீவுகளில் வீட்டுக்கு வந்தவனுக்குக் காபி ஊற்றாமல் விடுவது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். ஹோக்னி காலிக் கோப்பையை எடுத்துக் குடிப்பதுபோல உதட்டில் வைத்து, "அருமை," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஐந்து மணிக்கு மழை பிடித்தது. விடியும் வரை விடவில்லை. அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாமல் இரண்டு தடவை கயிற்றைத் தாண்டிப் போனான். இரண்டு தடவையும் பத்தடிக்கு மேல் தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவழ்ந்து திரும்பி வந்தான். சுன்னேவா ஜன்னல் பக்கம் போகவே இல்லை. மழைச் சத்தம் கேட்காமல் இருக்க ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, அதில் என்ன சொல்கிறார்கள் என்றே கேட்காமல் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் மழை நின்றது. பனி நிற்கவில்லை. எட்டு மணிக்குக் கிளைமிந்த் வந்தான். ஊரின் ஆட்டு மேலாளன். மலையில் திரியும் ஊர் ஆடுகளுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. நேரே கயிற்றடிக்குப் போனான். அங்கே ஹோக்னி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கயித்த அவுருங்க."

"ஐயா, இது பாதுகாக்கப்பட்ட நிகழ்விடம்."

"ஓர் ஆடு குறையுது."

"ஒரு குழந்தையே குறையுது! அதுக்கே நாங்க யாரையும் விடல!"

"குழந்தைக்கு உங்க சட்டம் பதினோரு வருஷம். ஆட்டுக்கு எங்க சட்டம் எழுநூறு வருஷம். ஆடு குறைஞ்சா மேலாளன் கூப்பிடணும். கூப்பிட்டா ஊர்ல காலு உள்ளவன் எல்லாம் மலை ஏறணும். ஏறாதவனும் குத்தவாளி, தடுக்கறவனும் குத்தவாளி."

"ஆடு பிடிக்கிற காலம்தான் போன வாரமே முடிஞ்சுதே?"

"ஆடு காலண்டர் பாக்காது."

ஹோக்னி குட்னியைப் பார்த்தார். குட்னி காருக்குள் போய்த் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினாள். வெளியே வந்தபோது அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. "நம்ம சட்டத்துலயே போட்டிருக்குங்க. 'ஆடு சம்பந்தப்பட்டவை நீங்கலாக.'"

ஓர் ஆடு காணாமல் போனால் ஊர் போகலாம். ஒரு குழந்தை காணாமல் போனால் கோப்புதான் போக வேண்டும். ஹோக்னி அரை மணி நேரம் யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். ஆடு தேடுகிறவர்கள் ஆட்டை மட்டுமே தேட வேண்டும், ஆட்டை மட்டுமே கூப்பிட வேண்டும். குழந்தையின் பெயரை ஒருத்தர் உச்சரித்தாலும் அது அனுமதியில்லாத தேடல். கண்காணிக்கக் குட்னி கூடவே வருவாள்.

நாற்பத்து மூன்று பேர் வரிசை கட்டினார்கள். ஆரஞ்சு கோட்டுகளையும் கழற்றி வேனில் போட்டுவிட்டு வெறும் ஸ்வெட்டரோடு வந்தார்கள், ஏனென்றால் கோட்டு போட்டால் மீட்புக் குழு, போடாவிட்டால் ஊர்க்காரன். ஆடு வளைக்கும்போது நிற்கிற மாதிரி கையை விரித்து, விரல் நுனி விரல் நுனியைத் தொட, ஒரே கோடாகப் பனிக்குள் நுழைந்தார்கள். சாமலின் இடப்பக்கம் சுன்னேவா. வலப்பக்கம் கிளைமிந்த்.

"ஹோ… ஹோ…" என்று வரிசை முழுக்கக் குரல் கிளம்பியது. ஆட்டைக் கூப்பிடுகிற குரல். சாமலும் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. தன் மகளை ஆடு மாதிரிக் கூப்பிட வேண்டும் என்று யாரும் அவனுக்கு ஒருநாளும் சொல்லித் தரவில்லை. சுன்னேவாவுக்கு வந்தது. சாயங்காலம் சாப்பாட்டுக்கு வாசலில் நின்று கூப்பிடுவாளே, அதே இழுப்பு, அதே ராகம், பெயரை மட்டும் எடுத்துவிட்டு. "ஹோ… ஓ… ஓ…"

"அம்மா," என்றாள் குட்னி மூச்சு வாங்க, "அது ஆட்டக் கூப்பிடற மாதிரி இல்லையே."

"என் ஆடு இப்படிக் கூப்பிட்டாத்தான் வரும்," என்றாள் சுன்னேவா. திரும்பிப் பார்க்கவில்லை.

வடக்கு ஓரத்துக்கு நூறடி இருக்கும்போது ரீங்காரம் கேட்டது. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. நாற்பத்து மூன்று பேரும் நின்றார்கள். குரல்கள் ஒன்றொன்றாக அணைந்தன. பனிக்குள் நீலம் எரிந்தது, அணைந்தது, எரிந்தது. கிளைமிந்தின் விரல் சாமலின் விரலை இறுக்கிப் பிடித்தது. அறுபது வருஷமாக இந்த மலையில் ஏறி இறங்கியவன் அவன். அவன் விரல் ஈரமாக இருந்தது.

சாமல் இரண்டு பக்கமும் கையை விடுவித்துக்கொண்டு போனான். செத்தாலும் சரி என்று போனான் என்று சொன்னால் பொய். சாகக் கூடாது, சாகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

அது ஒரு பெட்டி. மூன்று கால் வைத்த தகரப் பெட்டி. தலையில் நீல விளக்கு, வயிற்றில் ஏதோ மோட்டார். பக்கத்தில் பித்தளைத் தகடு: 'விளங்கா நிகழ்வுகள் வாரியம். தொடாதீர்.'

எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். கிளைமிந்த் குட்னியைப் பார்த்தான்.

"இது… நிகழ்வு ஏதாவது நடந்தா பதிவு பண்ற கருவி," என்றாள் குட்னி. அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. "செப்டம்பர்ல வச்சோம். ஊருக்குச் சொன்னா சாட்சிங்க மனசு கலைஞ்சிடும்னு தலைவர் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. விளக்கு எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. பெட்டிக்குப் பத்தடி தள்ளி, காற்றுக்கு ஆடுகள் ஒதுங்குவதற்காகப் பாதி வட்டமாகக் கல் அடுக்கிய இடம் ஒன்று. கூரை கிடையாது. அதற்குள் ரன்வா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்பா எல்லாரும் ஆடு மாதிரிக் கத்துறீங்க?" என்று கேட்டாள்.

சாமல் அவளை வாரி எடுத்தான். எடுத்தவனுடைய கை ஸ்வெட்டரில் அப்படியே நின்றது. கல்லெல்லாம் மழையில் ஊறிக் கறுத்திருந்தன. புல் சொட்டியது. ராத்திரி முழுக்கப் பெய்த மழை. ஸ்வெட்டர் உலர்ந்து இருந்தது. தலைமுடி உலர்ந்து இருந்தது. வெயிலில் கிடந்த கம்பளி மாதிரி வெதுவெதுப்பாகக்கூட இருந்தது.  அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பதினோராவது கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று இப்போது அவனுக்குத் தெரியும். மற்றவர்கள் கை வைப்பதற்கு முன்னால் தன் ஈரக் கோட்டைக் கழற்றி அவள் மேல் சுற்றிவிட்டான்.

வீட்டில் ரன்வா ருபார்ப் ஜாம் தடவிய ரொட்டியை விழுங்கிக்கொண்டிருந்தபோது ஹோக்னி உள்ளே வந்தார். பெட்டி விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. முகத்தில் இப்போது உண்மையாகவே சாவு வீடு.

"சந்தோஷம்," என்றார். "ஆனா அவசரப்படக் கூடாது. அந்த வெளிச்சம் எங்களோடதுன்னா நிகழ்வு விளங்கிப் போச்சுன்னு சிலர் சொல்லுவாங்க. விளங்கிட்டா கோப்ப மூடணும்பாங்க. மூடினா, விளக்கு வச்சது யாரு, கயிறு கட்டினது யாருன்னு அநாவசியக் கேள்விங்க வரும். பதினோரு வருஷம் காத்திருந்து ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஒரு கேஸ் கெடச்சிருக்கு. ஒரு குழந்தை திரும்பக் கெடச்சதுங்கற காரணத்துக்காக ஒரு நிறுவனத்த நாம இழக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றான் சாமல்.

"மலைக்குள்ள இருக்கறவங்க குழந்தைய மாத்திக் குடுப்பாங்கன்னு ஊர்ப் பேச்சு உண்டு. நான் நம்பறேன்னு சொல்லல, நம்பலைன்னும் சொல்லல, அதுதான் என் உத்தியோகம். குட்னி, அளந்து பாரு."

குட்னி அளவு நாடாவைப் பிடித்தாள். "நூத்திப் பதினாறு. சுகாதார அட்டைல நூத்திப் பன்னெண்டுன்னு இருக்கு."

"நாலு சென்டிமீட்டர்!"

"அந்த அட்ட ஏப்ரல்ல எழுதினது," என்றாள் சுன்னேவா. "வளர்ந்திருக்கா!"

"காணாமப் போனப்ப நூத்திப் பன்னெண்டு. கெடச்சப்ப நூத்திப் பதினாறு. நடுவுல ஒரு ராத்திரி. எங்ககிட்ட இருக்கற தாள் இததான் சொல்லுது." ஹோக்னி ஒரு தாளை மேசையில் வைத்தார். "ஒரே கேள்விதான். 'கிடைத்த குழந்தை, காணாமல் போன குழந்தையா?' 'ஆம்'னு போட்டா, அது சரியான்னு வாரியம் உறுதிப்படுத்தணும். குழந்தை தலைநகரத்துல எங்க பராமரிப்புல இருக்கணும். ஏழு நாள்தான். தேவைப்பட்டா நீட்டிக்கலாம்."

"எத்தனை தடவ நீட்டிக்கலாம்?" என்று வாசலில் நின்ற பியார்னி கேட்டான்.

"அது வரையறுக்கப்படல."

குட்னி அதற்குள் வெளியே போய் வெள்ளைக் காரின் பின்கதவைத் திறந்து வைத்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.  நேற்று மலை எடுத்துக்கொண்டதைவிட மோசமான ஒன்று இப்போது கையெழுத்துக் கேட்டு நிற்கிறது. மலையாவது திருப்பிக் கொடுத்தது.

"'இல்லை'ன்னு போட்டா?" என்று கேட்டான் சாமல்.

"இல்லைன்னா… காணாமப் போன குழந்தை இன்னும் கெடைக்கல. கோப்பு திறந்தே இருக்கும்." சொல்லச் சொல்ல ஹோக்னியின் முகம் மலர்ந்தது. "நிரந்தரமா."

"அப்போ இது என் புள்ள இல்ல," என்றான் சாமல்.

ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த ரன்வா நிமிர்ந்தாள். சாமல் அவள் பக்கம் திரும்பவில்லை. பொய் என்று தெரிந்துதான் சொன்னான். ஆனால் உலர்ந்த அந்த ஸ்வெட்டர் அவன் உள்ளங்கையிலேயே இன்னும் இருந்தது. சொல்லி முடித்த பிறகு, பொய்தானா என்று ஒரு நொடி அவனுக்கே குளிர்ந்தது.

சுன்னேவா அவனை அடிப்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "ஆமா," என்றாள். "எங்க புள்ள இவ்வளவு நல்லா சாப்பிடாது."

"எழுதிக்கிட்டேன்," என்றார் ஹோக்னி. "அப்போ இந்தக் குழந்தை யாரோடது?"

கதவோரம் சாய்ந்திருந்த கிளைமிந்த் வாயைத் திறந்தான். "ஆடு தேடப் போனப்ப கெடச்சது. அதுல வாரியத்துக்குப் பேச்சில்ல. மலைல கெடச்சத அடையாளம் சொல்லி யாரும் கேக்கலன்னா, மொதல்ல பாத்தவனுக்கு. மொதல்ல பாத்தவன் சாமல்."

ஹோக்னி தாளை மடித்துப் பையில் வைத்தார். சாமலின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனச விட்டுடாதீங்க. உங்க மகள நாங்க தேடிக்கிட்டே இருப்போம்," என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

சொன்னபடியே செய்தார்கள். மூன்று வருஷம் ஆகிறது. வாரியத்துக்கு இப்போது இரண்டாவது மாடியும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ரன்வாவின் பெயர் ரன்வாதான். பள்ளிக்கூடமும் வாரியமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் அதே தேதியில் ஹோக்னி வெள்ளைப் பூங்கொத்தோடு வருவார். ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பார். சாமலும் சுன்னேவாவும் தலையைக் குனிந்துகொள்வார்கள். முதல் வருஷம் சிரிப்பு வராமல் இருப்பதற்காகக் குனிந்தார்கள். இப்போது பக்கத்தில் நிற்கும் ரன்வாவின் கண்ணைப் பார்க்காமல் இருப்பதற்காக.

இந்த வருஷம் காபி ஊற்றியது ரன்வா. ஒன்பது வயதில் கெண்டியைச் சிந்தாமல் பிடிக்கிறாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. ஆனா நெருங்கிட்டோம். நான் ஓய்வு பெறுறதுக்குள்ள எப்படியும் கண்டுபிடிச்சிடுவேன்."

"கண்டுபிடிச்சா அவள எங்க வச்சுக்குவீங்க?"

"எங்க வச்சுக்கறது? இங்கதான் கொண்டு வருவோம். அவளோட அப்பா அம்மாகிட்ட."

ரன்வா கெண்டியை மேசையில் வைத்தாள். விளையாட்டுக்குக் கேட்கிறாளா நிஜமாகவே கேட்கிறாளா என்று சாமல் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்போ நான் எங்க போறது?"

ஹோக்னி கோப்பையை வைத்துவிட்டுக் கனிவாகச் சிரித்தார். "நல்ல கேள்வி. அதுக்குத் தனியா ஒரு படிவம் இருக்கு," என்று காலடியில் இருந்த பையின் வாரை அவிழ்த்தார்.

சாமல் எழுந்தான். மகளுக்கும் அந்தப் பைக்கும் நடுவில் போய் நின்றான்.  காபி ஆறிப்போகும் வரை, வெள்ளைக் கார் வளைவில் திரும்பி மறையும் வரை, அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.